கூடு கட்டாத எலிகள்

ஊரே எலியைக் கொல்ல மருந்து தேடுகிறது. நான் எலிக்கு மருந்து கொடுத்துத் தேற்றுவதற்காகச் சம்பளம் வாங்குகிறவள். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எலிக்கூடப் பணியாளர். ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். இதற்கு முன் ஒன்பது வருஷம் கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைத்தேன். அங்கே சூப்பர்வைசர் நாள் முழுக்கக் கத்துவார். எலிகளும் கத்துமாம், ஆனால் மனிதக் காதுக்குக் கேட்காத சுருதியில் கத்துமாம். இதைக் கேட்டதுமே எனக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று.

நீங்கள் எந்த ஆபீசில் வேலை செய்தாலும் சரி, சொன்னதை மட்டும் செய்யாமல் சொந்தப் புத்தியையும் கொஞ்சம் கலந்து, அதனால் வாங்கிக் கட்டிக்கொண்டவராக இருந்தால், நாம் ஒரே ஜாதி. மேலே படியுங்கள்.

ஆம்பிளை வாசனை

எலி அறைக்குள் போவது கருவறைக்குள் போவது போல. பூ கூடாது, பவுடர் கூடாது, வாசனை எண்ணெய் கூடாது. கவுன், தொப்பி, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டால் பெற்ற மகளுக்கே என்னை அடையாளம் தெரியாது. எலிகள் பகலில் தூங்கி இரவில் திரிகிற பிராணிகள் என்பதால், அங்கே பகலை இரவாக்கி வைத்திருக்கிறார்கள். வெளியே உச்சி வெயில், உள்ளே சிவப்பு விளக்கு.

எங்கள் எலிக்கூட மேற்பார்வையாளர் மஞ்சுநாத் சார். ராம்நகர்க்காரர், என்னிடம் கன்னடம் கலந்த தமிழில் பேசுவார். எலிகளைத் தன் பிள்ளைகள் போலப் பார்த்துக்கொள்கிறவர். ஒருநாள் ஆய்வு மாணவி நிவேதிதா தயங்கித் தயங்கி அவரிடம் ஒரு விஷயம் சொன்னாள். ஆண்களின் உடல் வாசனை பட்டால் எலிகள் பதறிப்போகின்றனவாம். சோதனைக் கணக்கு மாறிவிடுகிறதாம். அதனால் இந்த ஆராய்ச்சி முடிகிறவரை அந்த அறைக்குள் பெண்கள் மட்டும்தான் போகவேண்டும் என்று ஆராய்ச்சியை நடத்துகிற மேடம் சொல்லிவிட்டாராம். பெண் பணியாளர் என்று அங்கே இருந்தது நான் ஒருத்திதான். அறைச் சாவி என் கைக்கு வந்தது. மஞ்சுநாத் சார் தன் சட்டைக் கையை ஒரு தடவை மோந்து பார்த்தார்.

"மூஞ்சியப் பாத்து பயந்தா ஒத்துக்கலாம் கலா. தினா ரெண்டு வாட்டி குளிக்கிறவன்மா நானு."

பக்கத்து வீட்டுக் கேள்வி

எங்கள் நீலசந்திரா சந்தில் என் வேலையை யாருக்கும் விளக்கிச் சொல்லி மாளாது. ஈரோட்டிலிருந்து வந்து படிக்கிற நிவேதிதா எனக்கு விளக்கிய மாதிரியே நானும் இரண்டு ஆள்காட்டி விரல்களை ஒட்டாமல் நெருக்கி வைத்துச் சொல்வேன். மூளையில் நரம்பணுக்கள் இப்படித்தான் மயிரிழை இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளி வழியாகத்தான் சேதி போகும், வரும். அதற்கு சினாப்ஸ் என்று பெயர். ஆட்டிசம் இருக்கிற சில குழந்தைகளுக்கு ஒரு ஜீனில் சின்ன மாற்றம் இருக்கிறது. அதே மாற்றத்தை எலியின் ஜீனில் உண்டாக்கி, அந்தச் சந்திப்பில் என்ன பிசகுகிறது, மருந்தால் சரியாகுமா என்று பார்க்கிறார்கள்.

குழந்தையை எலியோடு வைத்துப் பேசக்கூடாது, எலிக்கு வருவது ஆட்டிசம் என்றும் சொல்லக்கூடாது என்று நிவேதிதா முதல் நாளே கண்டித்துச் சொல்லியிருந்தாள். அதையும் சேர்த்துத்தான் பக்கத்து வீட்டு மல்லிகாவுக்குச் சொன்னேன். அவள் அரிசி களைவதை நிறுத்தாமல் முழுக்கக் கேட்டாள். ஆட்டிசம் என்றால் பேச்சு வராது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"எலி எப்பவுமே பேசாதே கலா. பேசலன்னு எப்படிக் கண்டுபுடிப்பீங்க?"

ஒட்டிய உறை

மல்லிகாவின் கேள்விக்குப் பதில் ஒரு பெட்டியில் இருக்கிறது. மூன்று அறையாகத் தடுத்த கண்ணாடி போன்ற பெட்டி. ஒரு ஓரத்தில் கம்பிக் கிண்ணத்தைக் கவிழ்த்து அதற்குள் புது எலி ஒன்றை வைப்பார்கள். மறு ஓரத்தில் வெறும் கிண்ணம். நடுவில் நம் எலியை விட்டால், சாதாரண எலி என்றால் நேரே புது எலியிடம் போய் மோந்து விசாரிக்கும். எங்கள் சந்தில் புதுக் குடித்தனம் வந்தால் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும். ஜீன் மாறிய எலிக்கு அதில் அக்கறை இருக்காது. வெறும் கிண்ணமும் ஒன்றுதான், எலி இருக்கிற கிண்ணமும் ஒன்றுதான்.

எந்த எலிக்கு ஜீன் மாறியிருக்கிறது என்பது குட்டியாக இருக்கும்போதே வால் நுனியில் துளி நறுக்கிச் சோதித்தால் தெரிந்துவிடும். நறுக்கி அனுப்புவது நிவேதிதா. பதில் வருவது மேடத்துக்கு. மேடம் அதை உறையில் போட்டு ஒட்டி பீரோவில் பூட்டிவிடுவார். கூண்டில் வெறும் எண் மட்டும்தான் இருக்கும். தண்ணீர் பாட்டிலில் சிலதில் மருந்து, சிலதில் வெறும் தண்ணீர், அதிலும் எண்தான். நிவேதிதா எலிகளின் கூண்டைக்கூடப் பார்க்கமாட்டாள். சின்ன டப்பாவில் நான் எடுத்துப் போய்ச் சோதனை அறையில் கொடுக்கவேண்டும். இரண்டு வருஷம் உழைக்கிற பெண்ணிடமே இதை ஏன் மறைக்கவேண்டும் என்று எனக்கு ஆறவில்லை. கேட்டேவிட்டேன்.

"தெரிஞ்சா என்ற கண்ணே பொய் சொல்லுமுங்க்கா. நல்லதா இருக்கோணும்னு நினைக்கிறத நல்லதாத்தான் பாக்கும்."

பஞ்சின் மேல் உட்கார்ந்தவை

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். இந்த ஆராய்ச்சியில் எலிகளுக்கு அந்த யோகம் உண்டு, கூண்டுக்கு ஒன்று. வாரா வாரம் திங்கட்கிழமை கூண்டு மாற்றும்போது ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி அளவு பஞ்சுக்கட்டி ஒன்று போடுவேன். நல்ல எலி அதை இழை இழையாகப் பிரித்து, நடுவில் குழிவிட்டு, சுற்றிலும் சுவர் எழுப்பி, உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். மறுநாள் பார்த்தால் இட்லிக் குழி மாதிரி இருக்கும்.

சில எலிகள் மட்டும் கட்டியைத் தொடவே தொடாது. அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, பஸ் வராத ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். திடீரென்று எழுந்து கூண்டைச் சுற்றிச் சுற்றி ஓடும். மறுபடி வந்து பஞ்சின் மேல் உட்காரும். இவற்றையெல்லாம் வளர்ப்பதே கடைசியில் மூளையை எடுத்துப் பார்க்கத்தான். அது தேவை என்று எனக்குப் புரியும், ஆனாலும் அன்று நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். அதுவரைக்குமாவது கதகதப்பாகத் தூங்கட்டுமே என்று தோன்றிற்று.

கை துடைக்கிற டிஷ்யூ ரோல் தீர்ந்தால் உள்ளே ஒரு அட்டைக் குழாய் மிஞ்சும். அதைத் துண்டு போட்டு, கூண்டுகளோடு சேர்த்து நீராவியில் சுத்தம் செய்து, பஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தவற்றுக்கு மட்டும் ஆளுக்கொன்று வைத்தேன். கூடவே பஞ்சு இன்னும் ஒரு கட்டி. முதல் வாரம் மோந்து பார்த்தன. இரண்டாம் வாரம் உள்ளே நுழைந்தன. அப்புறம் அட்டையைக் கடித்துத் துருவித் தாங்களே மெத்தை போட்டுக்கொண்டன. அடுத்த திங்கட்கிழமை கூண்டு மாற்றும்போது குழாய் இருந்த தடமே இருக்காது. கெட்டிக்கார வேலை செய்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை. மஞ்சுநாத் சார் மட்டும் சாமான் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

"டிஷ்யூ ரோல் ஏன் இஷ்டு பேகா, இவ்ளோ சீக்கிரம், தீருது கலா? எலிங்களுக்கு ஜலதோஷமா?"

உறை பிரித்த நாள்

சோதனை எல்லாம் முடிந்து, ஒரு புதன்கிழமை மேடம் உறையைப் பிரித்தார். நிவேதிதா புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மதியம் கூண்டு கழுவுகிற இடத்தில் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டுத் திரும்பினால், அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள்.

நடந்தது இதுதான். மருந்து குடித்த ஜீன் மாறிய எலிகள் தேறியிருந்தன. நல்ல சேதிதானே என்றேன். வெறும் தண்ணீர் குடித்த ஜீன் மாறிய எலிகளும் அதே அளவு தேறியிருந்தன. எல்லாமே சாதாரண எலிகள் மாதிரி புது எலியைப் போய் விசாரித்திருக்கின்றன. அப்படியென்றால் மருந்தால் தேறியது என்று சொல்லமுடியாது. குறையே இல்லாத எலிகளை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் மாரடித்ததாகத்தான் அர்த்தம். இந்த எலி வம்சமே கலப்படமாகிவிட்டது, வெள்ளிக்கிழமையோடு மொத்தத்தையும் முடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று மேடம் சொல்லிவிட்டாராம்.

எனக்குப் பொறி தட்டிற்று, எந்தக் கூண்டுகள் என்று கேட்டேன். அவள் எண்களைச் சொல்லச் சொல்ல, அத்தனையும் நான் குழாய் வைத்த கூண்டுகள், தேற்றியது என் குழாய்தான். திருடனுக்குத் தேள் கொட்டினது போல, கழுவின கூண்டையே மறுபடி கழுவினேன். அவள் என்னைப் பார்க்காமலே பேசிக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்ற மேலதானுங்க்கா. வால் நறுக்கின அன்னைக்கு நானேதான் நம்பர மாத்தி எழுதியிருப்பேன்."

வியாழக்கிழமைச் சாப்பாடு

மறுநாள் வீட்டில் குழம்புக்கு உப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை. சொன்னால் வேலை போய்விடும். மகள் பி.யூ.சி. இரண்டாம் வருஷம், தமிழ்நாட்டில் பிளஸ் டூ என்பார்களே, அது. காலர் தைக்கத் திரும்பிப் போக முதுகு இடம் கொடுக்காது. சொல்லாவிட்டால், செய்யாத தப்பை அந்தப் பெண் ஆயுசுக்கும் தூக்கிக்கொண்டு திரிவாள். எலிகளோ வெள்ளிக்கிழமையைத் தாண்டாது. எல்லாம் நான் வைத்த அன்பளிப்பால்.

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். எலிகளைப் பற்றி நான் எது சொன்னாலும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவார். அன்று மட்டும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்றதுக்குப் பயமா, சொல்லாம நாளைக்கு அது மூஞ்சியப் பாக்கறதுக்குப் பயமா?"

மேடம் அறையில்

வெள்ளிக்கிழமை காலை மேடம் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். மேடம் கன்னடக்காரர்தான். ஆனால் ஆஸ்டின் டவுனில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார். நிவேதிதாவையும் கூப்பிடச் சொல்லிவிட்டு, டிஷ்யூ ரோலில் தொடங்கி ஒன்றுவிடாமல் சொன்னேன். மேடம் முகம் சிவந்தது. ஏன் செய்தாய் என்று கேட்டார். பாவமாக இருந்தது மேடம் என்றேன். என் காதுக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது. நிவேதிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, நிம்மதியா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிற்பாடு சொன்னாள்.

மேடம் எதையோ எழுதப்போனவர், பேனாவைக் கீழே வைத்தார்.

"உறை என் பீரோவுக்குள்ள இருந்துச்சு. எந்தக் கூண்டுன்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

சோம்பேறி

கூடு கட்டாததைப் பார்த்தேன் என்றால் நம்புவார்களா? சோதனை வைத்தார்கள். இந்தத் தடவை எனக்கு. அப்போதுதான் தனிக் கூண்டுக்கு மாற்றியிருந்த இளம் எலிகள் ஒரு வரிசை இருந்தன. குழாய் எதுவும் வைக்காத எலிகள். வெள்ளிக்கிழமைக் காரியத்தை நிறுத்தி வைத்துவிட்டு, அவற்றுக்குப் பஞ்சுக்கட்டி போடச் சொன்னார் மேடம். மறுநாள் சனிக்கிழமை விடுமுறையையும் பார்க்காமல் மூவரும் சிவப்பு விளக்கில் நின்றோம். மஞ்சுநாத் சார் கதவுக்கு வெளியே, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு.

கூண்டு கூண்டாகப் போய் இது ஆமாம், இது இல்லை என்று சொன்னேன். நிவேதிதா எழுதிக்கொண்டாள். மேடம் கையிலிருந்த பட்டியலோடு ஒப்பிட்டார். நான் சொன்னது சரியாக இருந்தால் எலி வம்சம் கலப்படமாகவில்லை, நிவேதிதா நம்பரை மாற்றி எழுதவும் இல்லை. தப்பாக இருந்தால் என் பேச்சை யார் நம்புவார்கள்?

ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாம் சரி. நிவேதிதா முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஒன்று மட்டும் ஏன் தப்பாயிற்று என்று மறுபடி குனிந்து பார்த்தோம். பஞ்சை அப்படியே போட்டுவிட்டு, கூண்டில் பரப்பியிருந்த மக்காச்சோளச் சக்கையில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. மேடம் பட்டியலை மடித்துக்கொண்டே சொன்னார்.

"ஜீன்ல ஒரு குறையும் இல்ல. இது எங்க வீட்டுக்காரர் மாதிரி."

மெமோ

எலி வம்சம் பிழைத்தது. என் வேலையும் பிழைத்தது. ஆனால் திங்கட்கிழமை காலை மஞ்சுநாத் சார் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு காகிதம் நீட்டினார். அனுமதியில்லாமல் ஆராய்ச்சிப் பிராணிகளின் கூண்டில் பொருள் வைத்ததற்காக எச்சரிக்கை. இனி நடந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். நிவேதிதாவுக்கு ஒரு வருஷம் கூடுதலாகப் போகும் என்பதுதான் அந்தக் காகிதத்தைவிட எனக்குக் கனத்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று பொய் சொல்லாமல், கஷ்டம்தான் என்று ஒத்துக்கொண்டாள். அதனால்தான் இன்றைக்கும் என்னால் அவளோடு டீ குடிக்கமுடிகிறது.

மேடம் அதோடு விடவில்லை. மருந்தே இல்லாமல் ஒரு அட்டைக் குழாயும் கொஞ்சம் பஞ்சும் அந்த நரம்புச் சந்திப்பில் என்ன செய்கின்றன என்று முறையாகப் பார்க்கவேண்டும் என்றார். அனுமதிக் குழுவுக்கு எழுதினார், அனுமதியும் வந்தது. குழாய் வெட்டும் நீளம், சுத்தம் செய்யும் முறை, எந்த நாள் வைப்பது எல்லாம் என்னைக் கேட்டுத்தான் எழுதினார்கள். என் கைவேலை இரண்டு பக்க ஆங்கிலமாகிவிட்டது. மஞ்சுநாத் சாருக்குத்தான் ஆற்றாமை.

"மெமோவும் நின்க்கு, மரியாதையும் நின்க்கு. டிஷ்யூ ரோல் கணக்குக்கு ஏச்சு மட்டும் நன்க்கா?"

தாண்டிப் போன கூண்டு

புது ஆராய்ச்சியின் முதல் திங்கட்கிழமை. எந்தக் கூண்டுக்குக் குழாய், எந்தக் கூண்டுக்கு இல்லை என்று சீட்டுக் குலுக்கி எடுத்த பட்டியல் என் கையில். அவனவன் தலையெழுத்து என்று வாயால் சொல்வது சுலபம், அந்தத் தலையெழுத்துப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பார்க்கவேண்டும். முதல் வரிசை முடித்து இரண்டாம் வரிசைக்கு வந்தேன். மூன்றாவது கூண்டில் பெண் எலி ஒன்று, பஞ்சுக்கட்டியின் மேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் குனிந்ததும் கூண்டைச் சுற்றி ஓடிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. பட்டியலில் அதற்கு நேரே 'இல்லை' என்று இருந்தது.

என் கை தானாகவே குழாய்க் கூடைக்குள் போய்விட்டது. இந்தத் தடவை சோதனை செய்ய வேறொரு மாணவி இருந்ததால், நிவேதிதா கூண்டுகளைப் பார்க்க என்னோடு உள்ளே வந்திருந்தாள். பின்னாலேயே நின்றாள். பிடுங்கவில்லை, அதட்டவில்லை. இது ஒன்றுக்கு மட்டும் வைக்கட்டுமா, யாருக்கும் தெரியாது என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"இதுக்குக் குடுக்காம இருந்தாத்தானுங்க்கா, குடுத்தா என்ன ஆகுதுன்னு ஒரு குழந்தையோட அம்மாகிட்ட நாம தைரியமா சொல்லமுடியும்."

கையை வெளியே எடுத்தேன், மூடியைச் சாத்தினேன், அடுத்த கூண்டுக்குப் போனேன். ஒன்பது வருஷம் காலர் தைத்ததெல்லாம் சேர்ந்தும் அந்த ஓர் அடி நடந்த அளவுக்கு வலித்ததில்லை.

தானாக இரக்கப்பட்டால் மெமோ, எழுதிக் கொடுத்துவிட்டுச் சீட்டுக் குலுக்கி இரக்கப்பட்டால் ஆராய்ச்சி: இரண்டுக்கும் ஒரே அட்டைக் குழாயைத்தான் வெட்டுகிறேன்.